ஓசை கேட்காத கீபோர்டு

உழைப்பைக் காதால் அளக்கும் உலகின் ஒரே மென்பொருள் நிறுவனம் ராஜபாளையத்தில் இருக்கிறது. அதன் மேற்பார்வையாளன் சீனிச்சாமி என்ற முறையில் இதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் முதலாளி வைகுண்டராஜ் முப்பது வருடம் நூற்பு மில் நடத்தியவர். மில்லில் சத்தம் நின்றால் உற்பத்தி நின்றது என்று அர்த்தம். அந்த 'விஞ்ஞானத்தை' அப்படியே கம்ப்யூட்டர் ஆபீசுக்கும் கொண்டுவந்துவிட்டார். காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதும். உடனே டக்டக் என்று தட்ட ஆரம்பிப்போம். எவர் கீபோர்டாவது ஓய்ந்தால், 'சும்மா இருந்தவர்' பதிவேட்டில் நான் அவர் பெயரை எழுதவேண்டும். பன்னிரண்டு வருடமாக எழுதுகிறேன். என் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை.

யோகேஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். ஆறு மாதத் தற்காலிக வேலை ஒரு சனிக்கிழமையோடு முடிவதாக இருந்தது. நிரந்தரம் ஆகாவிட்டால் மாமாவின் உரக்கடையில் போய் உட்காரவேண்டும் என்பது வீட்டு உத்தரவு. அப்படிப்பட்டவள் மூன்று மாதமாக மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கறுப்புத் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, ஒரு பட்டனக் காணோம்?"

"கோடு எழுதுற எடிட்டர் சார். கத்துக்கிட நாளாகும். பொறவு கை வலிக்காது."

கை வலிக்காத வேலையை வேலை என்று எப்படிச் சொல்வது? கவலையோடு குறித்துக்கொண்டேன்.

அவள் வேலை முடியவேண்டிய வாரத்தின் திங்கட்கிழமை ஒரு பேண்டேஜ் கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தது. அவர்களுடைய லேபிள் அச்சிடும் புரோகிராமில் தேதி எழுதும் முறையை மாற்றவேண்டும். எண்ணூற்று நாற்பது ஃபைல், ஆறாயிரத்துச் சொச்சம் இடம். கூட்டம் போட்டு, டீ குடித்து, 'ஒன்பது பேர், இருபத்தொரு நாள்' என்று திட்டம் தீட்டினோம். கூட்டம் முடிந்து வெளியே வந்தால் யோகேஸ்வரி கைகட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவளது கீபோர்டில் மயான அமைதி.

முதலாளி பதறிப்போனார்.

"ஏம்மா, கை ஏன் சும்மா இருக்கு?"

"வேல முடிஞ்சிருச்சு சார். சோதிச்சும் பாத்துட்டேன்."

"இன்னைக்குத்தான திங்கக்கெழம? இருவத்தியொரு நாள் வேல எப்படி முடியும்?"

"எப்படி மாத்தணும்னு அந்த எடிட்டருக்கு ஒருவாட்டி சொல்லிக்கொடுத்தேன். எல்லா ஃபைலையும் அதுவே மாத்திருச்சு."

"அப்ப நீ ஒழைக்கல."

"மூணு மாசம் ஒழைச்சுப் படிச்சேனே சார்."

"அது எனக்குக் கேக்கலயே," என்றார் முதலாளி.

நியாயம்தானே? விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழு என்றால் நான். 'உழைக்காமல் கிடைத்த விடை' என்று அவள் திருத்தியதை முறைப்படி அழித்தோம். 'பணிநேரத்தில் சும்மா இருந்ததால் நிரந்தரம் செய்ய இயலாது' என்று அறிக்கை எழுதினேன். சனிக்கிழமை அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது அழுதாள். அதை மட்டும் நான் குறித்துக்கொள்ளவில்லை, அதற்குப் பதிவேட்டில் இடம் கிடையாது.

அவள் இடத்தில் நானே உட்கார்ந்தேன். ஒன்பது பேரும் ஒவ்வொரு இடமாக, ஒவ்வொரு தேதியாக, கையால் மாற்றினோம். என்ன சத்தம், என்ன சத்தம். முதலாளி கண்ணை மூடிக் கச்சேரி கேட்பதுபோல ரசித்தார். இருபத்தொன்றாம் நாள் என் வலது கை விரல்களில் நாலு வீங்கிவிட்டன. 'அதிகம் தட்டிய ஊழியர்' என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அடுத்த வாரம் பேண்டேஜ் கம்பெனி, எங்கள் புரோகிராம் லேபிள் அச்சிட்ட ஒரு லோடு சரக்கை எங்கள் வாசலிலேயே இறக்கிவிட்டு, எங்களுக்கு இனி வேலை தருவதில்லை என்றும் சொல்லிவிட்டது. வந்த பெட்டியில் ஒன்றைப் பிரித்து என் விரல்களுக்குக் கட்டுப் போட்டார் முதலாளி.

அன்றைக்குப் பார்த்து யோகேஸ்வரி வந்தாள். மதுரையில் ஒரு வேலை தகைந்திருக்கிறதாம், அனுபவச் சான்றிதழ் கேட்கிறார்களாம்.

"அந்தச் 'சும்மா இருந்தாள்'ங்கத மட்டும் எடுத்துருங்க சார். அது இருந்தா உரக்கடதான்."

"பதிவேட்டுல இருக்கறத எப்படிம்மா மாத்த முடியும்?"

அவள் மேஜையில் கிடந்த பேண்டேஜ் உறையை எடுத்துப் படித்தாள். தயாரித்தது இந்த வருடம் மார்ச். காலாவதியானது போன வருடம் ஜூன்.

"இத யாரு சார் கையால மாத்துனது?"

நான் கட்டுப் போட்ட விரல்களை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டேன். பிறகு, வேறு வழியில்லாமல், அதே விரல்களால் பேனாவைப் பிடித்து சான்றிதழில் 'சும்மா இருந்தாள்' என்று அப்படியே எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.