தளபதி ஏன் அழுதார்?

நாற்பத்துமூன்று விடைத்தாளிலும் தளபதி அழுதிருந்தார்.

எர்சிலியா மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். ஆசிரியர் அறையின் நீள மேசையில் தாள்களைப் பரப்பி வைத்து, சிவப்புப் பேனாவால் அந்த ஒரு வரியை மட்டும் கோடிட்டுக்கொண்டே வந்தாள். 'மொச்சை இல்லை என்று கேட்டதும் தளபதி தம் படையை நினைத்து அழுதார்.' ஒரு பிள்ளை 'விம்மினார்' என்று எழுதியிருந்தது. இன்னொன்று 'கதறினார்' என்று கொஞ்சம் தாராளம் காட்டியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் தளபதி அழவே இல்லை. அது எர்சிலியாவுக்குத் திட்டவட்டமாகத் தெரியும். ஏனென்றால் அந்தத் தளபதியைப் பெற்றவளே அவள்தான்.

இத்தாலியில் மலைமேல் இருந்த ஒரு சின்ன ஊரின் பள்ளியில் லத்தீன், கிரேக்கத் துறைக்கு அவள் பதினோரு வருடமாகத் தலைவி. தலைவி என்றால் சம்பளம் ஏறாது, நாற்காலி மாறாது. அகராதி அலமாரியின் சாவி மட்டும் கையில் இருக்கும். ஆனால் அந்தச் சாவிக்காக உயிரை விடுவாள் எர்சிலியா. அதே சாவி மேல் பதினோரு வருடமாகக் கண் வைத்திருந்தவர் சக ஆசிரியர் ஃபுல்ஜென்ஸி.

போன வருடம் பொதுத் தேர்வில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் மொத்தமும் செல்போனைப் பார்த்து மொழிபெயர்ப்பைக் காப்பியடித்துவிட்டார்கள். செல்போன் காட்டிய தப்பான மொழிபெயர்ப்பை நம்பி, ரோமாபுரியின் தலைவரை எண்ணெயில் வறுத்த பெருமை ஒரே நாளில் முப்பத்தெட்டு பேருக்குக் கிடைத்தது. தலைமையாசிரியர் பொன்டெம்பி கூப்பிட்டு முறைத்தார். எர்சிலியாவும் ரோஷத்தில் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை இது நடந்தா, சாவியை நானே ஃபுல்ஜென்ஸி கையில கொடுத்துடுறேன் சார்."

சொல்லிவிட்டாளே தவிர, இணையத்தில் இல்லாத லத்தீனுக்கு எங்கே போவது? ரோமானியர்கள் எழுதியது, கிறுக்கியது எல்லாம் மொழிபெயர்ப்போடு அங்கே கிடக்கிறது. யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை லசான்யாவை அடுப்பில் வைத்துவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து, பன்னிரண்டு வரி லத்தீனைத் தானே எழுதிவிட்டாள்.

எழுதியவர் பெயர் லூசியஸ் விபீடியஸ் டார்டஸ் என்று தலைப்பில் போட்டாள். டார்டஸ் என்றால் மந்தமானவன். அந்த நேரம் கணவர் குப்பை வாளியை எடுத்துக்கொண்டு போன நடையைப் பார்த்ததும் வந்த பெயர் அது.

கதை எளிமையானது. தளபதி எதிரியை நெருங்கும்போது சமையல்காரன் ஓடி வந்து, மொச்சை மூட்டையைப் பழைய முகாமிலேயே விட்டுவிட்டோம் என்கிறான். தளபதி படையைத் திருப்பினார். 'ஃப்ளெக்ஸிட்', திருப்பினார். அவ்வளவே. கண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

ரகசியம் கசியக் கூடாது என்று திங்கட்கிழமை காலை பள்ளிக் கணினியில் அவளே அடித்தாள். பொடி எழுத்துக்குப் போடும் மூக்குக்கண்ணாடி காரில் இருந்தது. எடுக்கப் போனால் அந்த நேரத்தில் யாராவது திரையைப் பார்த்துவிட்டால்? போகவே இல்லை. நகல் எடுக்க மட்டும் கடைநிலை ஊழியர் அசுந்தாவிடம் கொடுத்தாள். தேர்வில் செல்போன்கள் எல்லாம் கூடைக்குப் போயின. செங்கல் கனத்து அகராதி மட்டும்தான் அனுமதி.

அப்படியிருந்தும் நாற்பத்துமூன்று பேர்!

பையிலிருந்து நோட்டை எடுத்துப் பார்த்தாள். அவள் கையெழுத்தில் அழகாக இருந்தது, 'ஃப்ளெக்ஸிட்'. சரியாக எழுதினால் எல்லோரும் ஒரே மாதிரி எழுதலாம். தப்பு என்பது ஆளுக்கொன்றாகத்தான் வரும். மற்ற பதினோரு வரியில் அப்படித்தான் வந்திருந்தது. ஒருத்தன் சமையல்காரனைக் கோழி ஆக்கியிருந்தான். ஒரே தப்பு எல்லோருக்கும் வந்தால் அது காப்பிதான். முப்பது வருட அனுபவம்.

"டீச்சரம்மா, அந்தத் தாளைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை..." வாளியும் துடைப்பமுமாக அசுந்தா வாசலில் நின்றாள். தெற்கே கலாப்ரியாவிலிருந்து வந்தவள். கக்கத்தில் எப்போதும் ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம் இருக்கும்.

"தாள் தீந்துபோச்சா? ஆபீஸ்ல கேளுங்க அசுந்தா."

"அதில்லம்மா, நீங்க நகல் எடுக்கக் கொடுத்தீங்களே..."

"அப்புறம், அப்புறம்! இங்க தலை போகுது."

அசுந்தா போனாள். ஃபுல்ஜென்ஸி வந்தார். சோம்பு மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளியபடி மேசையில் கிடந்த வினாத்தாளின் தலைப்பைப் பார்த்தார்.

"ஓ, விபீடியஸா! நல்ல தேர்வு எர்சிலியா."

எர்சிலியா பேனாவைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு... தெரியுமா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? என் ஆய்வேட்டுல அவருக்கு ஒரு அத்தியாயம் உண்டு."

இந்த மனுஷன் வாயைத் திறந்தால் பொய் என்று தெரியும். இவ்வளவு பெரிய பொய் என்று தெரியாது. மடக்கிவிடலாம் என்று நினைத்தாள்.

"அப்ப சொல்லுங்க. இந்தக் கதையில தளபதி அழுவாரா?"

ஃபுல்ஜென்ஸியின் கண் கோடிட்ட விடைத்தாள்கள் மேல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "அழாம? விபீடியஸ்லயே புகழ்பெற்ற இடம் அதுதானே! எனக்கே கண் கலங்கும்."

'அடப்பாவி, அப்படி ஒரு ஆளே கிடையாது' என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால், தேர்வுக்குப் பொய் ஆசிரியரை வைத்தவள் என்று ஆகும். பெற்றோரில் நான்கு பேர் வக்கீல்கள். நேராக நீதிமன்றத்துக்குப் போவார்கள். விழுங்கிக்கொண்டாள்.

விழுங்கியது தப்பு. ஃபுல்ஜென்ஸி அங்கிருந்து நேரே தலைமையாசிரியர் அறைக்குத்தான் போனார்.

பத்தே நிமிஷத்தில் அழைப்பு வந்தது. பொன்டெம்பி முன்பு உடற்பயிற்சி ஆசிரியர். லத்தீன் என்றால் கையெடுத்துக் கும்பிடுவார், கிட்டே போகமாட்டார்.

"என்ன எர்சிலியா இது? இணையத்துல இல்லாததா வைப்பேன்னு சொன்னீங்க. ஊருக்கே தெரிஞ்ச ஆளை வெச்சிருக்கீங்களாம்?"

"ஊருக்குத் தெரியாது சார்."

"ஃபுல்ஜென்ஸிக்குத் தெரிஞ்சிருக்கே! நாப்பத்துமூணு பேரும் ஒரே வரியை எழுதியிருக்காங்க. காப்பியா, இல்லையா?"

"நானே விசாரிச்சுட்டு வந்து சொல்றேன் சார். ஒரு மணி நேரம் கொடுங்க."

வகுப்புக்கு விறுவிறுவென்று நடந்தாள். வழியில் அசுந்தா மறுபடி குறுக்கே வந்து, "டீச்சரம்மா, அந்தத் தாள்ல..." என்றாள். "நடைபாதை ஈரமா இருக்கு, வழுக்கப்போகுது, நகருங்க" என்று தாண்டிப் போனாள் எர்சிலியா.

வகுப்பு எழுந்து நின்றது. முதல் வரிசையில் ஃபியாமெத்தா. வகுப்பிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே பெண். எர்சிலியா அவளிடமே கேட்டாள்.

"தளபதி அழுதார்னு எதை வெச்சு எழுதின?"

"தாளைப் பாத்துதான் எழுதினேன் டீச்சர்."

எர்சிலியா கரும்பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து எழுதினியா?"

"ஆமா டீச்சர்."

"என் முகத்துக்கு நேரா சொல்றியே! எல்லாரும் பாத்துத்தான் எழுதினீங்களா?"

"ஆமா டீச்சர்" என்றது வகுப்பு, கூச்சமே இல்லாமல். "பாக்காம எப்படி டீச்சர் எழுதுறது?" என்று பின்வரிசையில் ஒருத்தன் கேட்டான், உண்மையாகவே குழம்பி.

எர்சிலியா அவனை முறைத்தாள். இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் வருடக்கணக்கில் வினைச்சொற்களை வாய்ப்பாடு மாதிரி உருப்போட வைத்தாள். காய்ச்சலோடு வந்து பாடம் நடத்தியிருக்கிறாள். காப்பி அடித்ததைக்கூட மன்னித்துவிடலாம். ஒரு வெட்கம்கூட இல்லையே!

"எல்லாருக்கும் ரெண்டு மார்க்" என்றாள். "பத்துக்கு ரெண்டு." ஃபியாமெத்தா அந்தத் தளபதியைவிட அதிகமாக அழுதாள்.

திரும்பி வரும்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் ஒப்புக்கொண்டாயிற்று. ஒப்புக்கொண்டால் சாவி போச்சு. இனி மறைத்து என்ன பயன்? நீதிமன்றமோ வக்கீலோ, உண்மையைச் சொன்னால் ஃபுல்ஜென்ஸியின் அத்தியாயமாவது கிழியும். தலைமையாசிரியர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். உள்ளே ஃபுல்ஜென்ஸியும் இருந்தார்.

"சார், விபீடியஸ்னு ஒருத்தரே கிடையாது! நான்தான் வீட்டுல லசான்யா வேகுற நேரத்துல எழுதினேன்!"

பொன்டெம்பி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "உக்காருங்க எர்சிலியா. தண்ணி குடிங்க."

"சத்தியமா சார்!"

"பசங்களைக் காப்பாத்தணும்னு தவிக்கிறீங்க, புரியுது. அதுக்காக இருக்கிற மனுஷனை இல்லைன்னு சொல்றதா? இப்பத்தான் வட்டாரக் கல்வி ஆய்வாளருக்கு போன் போட்டேன். அவர் வீட்டுல விபீடியஸ் ரெண்டு தொகுதி இருக்காம். தோல் அட்டை."

"தோல் அட்டையா?" எர்சிலியாவின் குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்தது.

"ஒண்ணை யாரோ இரவல் வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தரலையாம். பாவம், ரொம்ப வருத்தப்பட்டார்."

எர்சிலியா உட்கார்ந்துவிட்டாள். ஞாயிறு மதியம் பிறந்த ஆள், செவ்வாய்க்குள் தோல் அட்டை போட்டு இரவலும் போய்விட்டான். அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஒருவேளை இருக்கிறானோ? எங்கேயோ படித்து, மறந்து, தானே எழுதியதாக நினைத்துக்கொண்டோமோ?

"சாவி" என்றார் பொன்டெம்பி மெதுவாக. "நீங்க சொன்ன வார்த்தைதான்."

சாவியை மேசையில் வைத்தாள். ஃபுல்ஜென்ஸி அதைச் சட்டைப்பைக்குள் போட்டு, ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"மனசைத் தளர விடாதீங்க எர்சிலியா. அடுத்த வருஷத்துலேருந்து விபீடியஸைப் பாடத்திட்டத்துலயே சேத்துடுறேன். நீங்கதான் நடத்தணும்."

கதவுக்கு வெளியே அசுந்தா நின்றாள். "டீச்சரம்மா, இப்பவாச்சும்..."

எர்சிலியா நிற்கவில்லை. கார் வரைக்கும் நடந்தாள். இருக்கையில் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் பொறி தட்டியது. தேர்வுக்கு முன்னால் அந்தத் தாளைப் பார்த்த இன்னொரு ஜீவன் இந்தப் பள்ளியில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. காலையிலிருந்து ஏதோ சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று பின்னாலேயே அலைகிறாளே. குற்ற உணர்ச்சி!

நகல் எடுக்கும் அறைக்குள் புயலாக நுழைந்தாள். அசுந்தா ஜன்னலோரம் குறுக்கெழுத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"யார்கிட்ட கொடுத்தீங்க தாளை? மறைக்காம சொல்லுங்க."

"யாருக்கும் கொடுக்கலம்மா. நான்தான் படிச்சுப் பாத்தேன்."

"நீங்க படிச்சீங்களா? அது லத்தீன் அசுந்தா!"

"தெரியும்மா. நாப்போலி யூனிவர்சிட்டியில லத்தீனும் கிரேக்கமும் படிச்சவதான் நான். ஆசிரியர் வேலைக்கான பட்டியல்ல பதினெட்டு வருஷமா பேர் இருக்கு. இப்ப இருநூத்துப் பதினாலாவது எடம். கூப்பிடுற வரைக்கும் துடைப்பம்." அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள். "யாரு இந்த விபீடியஸு, நமக்குத் தெரியாமன்னு ஆசையா படிச்சேன். ரொம்ப நல்லாயிருந்துச்சு. ஆனா கடைசி வரியில மனசு ஒட்டல. மொச்சைக்காகப் போய் ஒரு தளபதி அழுவாரான்னு. அதைத்தான் காலையிலேருந்து கேக்க வர்றேன்."

"அழலைன்னுதானே நானும் தொண்டை கிழியக் கத்துறேன்! ஃப்ளெக்ஸிட்! படையைத் திருப்பினார்!"

அசுந்தா குறுக்கெழுத்துப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த வினாத்தாளை எடுத்து விரித்தாள். கடைசி வரியில் ஒரு சொல்லுக்குக் கீழே ஈர விரலை வைத்தாள். எர்சிலியா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள்.

'ஃப்ளேவிட்.' அழுதார்.

எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் வி. ஒரே ஓர் எழுத்து. எர்சிலியா நகல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஃபியாமெத்தாவின் முகம் கண்முன் வந்தது. நாற்பத்துமூன்று ரெண்டு மார்க்கும் வந்தது. சாவியைத் தட்டிக்கொண்ட அந்தச் சட்டைப்பையும் வந்தது.

"அப்ப... பசங்க?" என்றாள்.

அசுந்தா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பசங்க யாரும் காப்பி அடிக்கல டீச்சரம்மா. நீங்கதான் தப்பா அடிச்சிட்டீங்க."