பச்சைத் தாளில் ஒரு வருஷம்

முத்திரை சார் ஒரு பெரிய முடிவு எடுத்தார். இனி ஒரு வருஷம் வேலைக்குப் போவதில்லை. ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை ஐயா, முழுசாக முந்நூற்று அறுபத்தைந்து நாள். தலையே போனாலும் சரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் அந்த முடிவே வந்தது.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. நகராட்சி அலுவலகத்தின் மாடியில், பெயர்த் திருத்தப் பிரிவில் இருபத்து மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். பெயர் தப்பாகப் பதிவானவர்கள் மனு கொடுப்பார்கள். மனு மேசைக்கு வரும். இவர் "சரிபார்த்தேன்" என்று எழுதுவார், கையெழுத்துப் போடுவார், முத்திரை குத்துவார். ஒரு நாளைக்கு இருநூறு. படித்துப் பார்ப்பதுண்டா என்று கேட்காதீர்கள். படித்தால் நாற்பதைத் தாண்டாது.

எதிர் சீட்டில் ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்திரண்டு. தினமும் இரண்டு மணிக்கு மேசையில் தலையைச் சாய்த்து ஒரு குட்டித் தூக்கம் போடுவார், டீ வந்ததும் எழுந்துகொள்வார். அந்தச் செவ்வாய்க்கிழமையும் சாய்த்தார். நம்மவர் மூன்று கோப்புகளை அவர் முழங்கைப் பக்கம் தள்ளி, "சார், இது உங்களுது" என்றுகூடச் சொன்னார். மூன்றரைக்கு டீ வந்தது. டீ ஆறியது. மனிதர் எழுந்திருக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் ஒரு பிணத்துக்கு எதிரே உட்கார்ந்து முத்திரை குத்தியிருக்கிறார் நம்மவர்! அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், அந்த ஆளில்லாத மேசையில் புதிதாக ஆறு கோப்பு வந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவர் தன் மேசையையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

இதில் இன்னொரு சங்கதி. அவருடைய மனைவியும் அதே அலுவலகம்தான். கீழ்த்தளம், நாலாவது ஜன்னல், இறப்புப் பதிவு. எல்லாருக்கும் 'இறப்பு மேடம்'. இருபத்திரண்டு வருஷமாகச் செத்தவர்களை எழுதி எழுதியே அந்த அம்மாவுக்குக் கண்ணில் பவர் ஏறியிருந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. ஆனால் ஒரு எழுத்தைக்கூடப் படிக்காமல் விடமாட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் இப்படி ஒரு பேச்சு.

"இன்னிக்கு உங்க எதிர் சீட்டுக்காரரை எழுதினேங்க."

"ம்."

"எத்தனை மணிக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. அவங்க வீட்டம்மா தெரியலைன்னு அழறாங்க. மேல யாருக்குமே தெரியலையாமே?"

"தூங்குறார்னு நெனச்சோம்."

"நீங்க எதிர்லதானே இருந்தீங்க?"

"வேலை இருந்துச்சும்மா."

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். அட்டையில் 'என் ஒரு வருஷம்' என்று எழுதினார். உள்ளே முதல் வரி: 'காலையில் எழுந்திருக்க வேண்டாம்.' எழுதியதும் மனசு குளிர்ந்தது. இரண்டாவது வரி யோசித்தார். வரவில்லை. ஒரு வாரம் யோசித்தார். அப்போதும் வரவில்லை. இருபத்து மூன்று வருஷத்தில் தனக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்து போயிருந்தது அந்த மனிதருக்கு. அதுவும் அவரைப் பயமுறுத்தியது.

அப்படி ஒரு சாயங்காலம் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது மனைவி ஒரு தாளை நீட்டினாள்.

"இதுல ஒரு கையெழுத்து வேணும். படிச்சுட்டுப் போடுங்க."

"எங்கே?"

"கடைசிக் கட்டத்துல. என்ன பேப்பர்னு கேக்க மாட்டீங்களா?"

"நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும்."

போட்டார். தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஒரு வருஷ விடுப்பு என்பது வானத்தில் இருக்கிற விஷயம் இல்லை. இருபது வருஷம் முடித்தவர்கள் பாதிச் சம்பளத்தில் எடுக்கலாம், அதற்கென்று பச்சைத் தாளில் படிவமே இருக்கிறது. ஆனாலும் அந்த அலுவலகத்தில் இதுவரை ஒருத்தரும் எடுத்ததில்லை. காரணம் அதன் கடைசிக் கட்டம். 'பொறுப்பு ஏற்பவர் கையெழுத்து.' அதாவது, சக ஊழியர் ஒருவர், உங்கள் வேலையையும் சேர்த்து ஒரு வருஷம் நான் பார்க்கிறேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். எந்தப் புண்ணியவான் கொடுப்பான்?

நம்மவர் கேட்டுப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரர், "ஒரு வருஷமா? நான் இருப்பேனான்னே தெரியலையே சார்" என்று அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார். தபால் பிரிவுக்காரர் இன்னும் கெட்டிக்காரர். "தாராளமாப் போடறேன் சார். முதல்ல எனக்கு நீங்க போடுங்க" என்று மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பச்சைத் தாளை உருவினார். நம்மவர் ஓட்டமும் நடையுமாகத் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மனைவியும் சக ஊழியர்தானே!

கேட்டால் கொடுப்பாளா என்று அவர் யோசிக்கவே இல்லை. கேட்கும் தைரியம் இருந்தால் அவர் ஏன் முத்திரை சாராக இருக்கிறார்? கேட்காமலே வாங்க வேண்டும். அவள் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஒரே வழி கண்ணாடிதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் குளிக்கப் போன நேரத்தில் கண்ணாடியை எடுத்தார். வீட்டில் யாரும் திறக்காத இடம் எது? அவருடைய ஷூ பாலிஷ் டப்பா. ஏழு வருஷமாக அவரே திறந்ததில்லை. அதற்குள் போட்டு மூடினார். திருட்டு முழியோடு வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"ஏங்க, என் கண்ணாடியைப் பாத்தீங்களா?"

"இல்லையே. எங்க வச்ச?"

"இங்கதான் வச்சேன்."

"வயசாகுதில்ல, மறந்திருப்பே. நிதானமாத் தேடலாம். அதுக்குள்ள இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு. நாளைக்குக் குடுக்கணும்."

அவள் தாளைக் கையில் வாங்கினாள். விரலால் ஓரத்தைத் தடவினாள். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். அவர் அவசரமாகப் பேனாவை நீட்டினார்.

"என்ன பேப்பருங்க இது?"

"தண்ணி இணைப்புக்கு. வீட்டுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம்."

"தண்ணி இணைப்பா?"

"ஆமா."

"எங்கிட்ட சொல்ல வேண்டியது வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன இருக்கு? ஒண்ணும் இல்லை."

அவள் இரண்டு விநாடி அவர் முகம் இருக்கும் திசையைப் பார்த்தாள். பிறகு, "எங்க போடணும், காட்டுங்க" என்றாள். அவர் அவள் விரலைப் பிடித்துக் கடைசிக் கட்டத்தில் வைத்தார். அந்த விரல் நுனியில் இருபத்திரண்டு வருஷத்து மைக்கறை. அதைப் பார்த்தபோது அவருக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. மேலே இருநூறு, கீழே இத்தனை சாவு, ஒருத்தியே பார்ப்பதா? பார்த்துவிடுவாள், கெட்டிக்காரி என்று மனசைத் தட்டிக்கொடுத்தார். அவள் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் நேராகப் போய்ப் படிவத்தைக் கொடுத்திருக்க வேண்டும். போகிற வழியில் மரச்சாமான் கடை. வாசலில் சாய்வு நாற்காலி. ஒரு வருஷம் உட்கார நாற்காலி வேண்டாமா? உட்கார்ந்து பார்த்தார். நோட்டின் இரண்டாவது வரி அப்போதுதான் தோன்றியது: 'சாய்ந்து உட்காரலாம்.' அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு எட்டு நாற்காலியில் சாய்ந்து பார்த்தார். எட்டாவதில் தூங்கியே போனார். கடைக்காரர் பதறிப்போய் ஓடிவந்து மூக்கில் கைவைத்துப் பார்த்துவிட்டு எழுப்பினார்.

அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. விடுப்புகளைப் பார்க்கிற சூப்பிரண்டின் மேசையில் பச்சைத் தாளை ராஜா மாதிரி வைத்தார். சூப்பிரண்டு படித்தார். சிரித்தார். மேசையிலிருந்து இன்னொரு பச்சைத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன சார், புருஷனும் பெண்டாட்டியும் விளையாடறீங்களா?"

"புரியலை சார்."

"இன்னிக்குக் காலையில பத்து மணிக்கு உங்க வீட்டம்மா குடுத்தாங்க. ஒரு வருஷ விடுப்பு. ஒண்ணாம் தேதியிலிருந்து. பெரிய ஆபீசர் ஒப்புதலும் ஆயிடுச்சு."

"அவ வேலையை யார் பாக்குறது?"

"நீங்கதான்."

"நானா?"

"பொறுப்பு ஏற்பவர், உங்க கையெழுத்துதானே இது? மேல 'சரிபார்த்தேன்'னு வேற எழுதியிருக்கீங்க. இந்த ஆபீசுல வேற யாரு சார் அப்படி எழுதுவாங்க?"

அவர் குனிந்து பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். வால் நீட்டி, கீழே இரண்டு புள்ளி வைத்து, அச்சு அசலாக.

"அப்ப என் விடுப்பு?"

"இன்னொருத்தர் வேலையைப் பொறுப்பேத்துக்கிட்டவருக்கு விடுப்புக் கிடையாது சார். லீவுல போறவங்க உங்க பொறுப்பையும் ஏத்துக்க முடியாது. அடுத்த வருஷம் பாக்கலாம்." சூப்பிரண்டு அவர் தாளை இரண்டாக மடித்து அவரிடமே கொடுத்தார்.

மடித்த தாளோடு படியில் இறங்கினார். கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. நாலாவது ஜன்னலில் வரிசை முடிந்திருந்தது. அவள் எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணாடிக் காம்பில் கறுப்பு பாலிஷ் ஒட்டியிருந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"பாலிஷே போடாத மனுஷன் விரல்ல பாலிஷ் இருந்துச்சு. எனக்குத்தான் கண்ணு தெரியாது, மூக்குக்கு என்ன?"

"ஏமாத்திட்டியே!"

"நானா? படிச்சுட்டுப் போடுங்கன்னு சொல்லித்தானே குடுத்தேன்? பத்து நாள் அந்தத் தாளைப் பைக்குள்ளயே வச்சிருந்தேன். உங்க நோட்டையும் பாத்தேன். பாவம், மனுஷன் பயந்து போயிருக்கார், முதல்ல அவர் எடுத்துக்கட்டும், நாம ரெண்டு வேலையையும் பாத்துக்கலாம்னுதான் இருந்தேன். நேத்து கண்ணாடியைத் தேடுறப்ப ஒரு வார்த்தை நெசம் சொல்லியிருந்தீங்கன்னா என்னுதைக் கிழிச்சுப் போட்டிருப்பேன்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க வர்றவங்க எல்லாரும் அழுதுட்டு வர்றாங்க. இருபத்திரண்டு வருஷம். ஒரு வருஷம் யாரும் அழாத இடத்துல இருக்கணும் எனக்கு," என்றாள் அவள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், பாலிஷ் கன்னத்தில் ஒட்டியது. பிறகு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இந்த ஜன்னல்ல படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. மேல தப்பாப் போட்டா பேருதான் மாறும். இங்க தப்பாப் போட்டா உயிரோட இருக்கிறவன் செத்துடுவான்."

ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. நம்மவர் எழுந்தார். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தாள். அவரே டீ போட்டுக்கொண்டார். சட்டையைத் தேய்த்துக்கொண்டார். கிளம்பும்போது கூடத்து மேசையில் அவருடைய நோட்டு திறந்து கிடந்தது. அட்டையில் 'என் ஒரு வருஷம்' அப்படியே இருந்தது. உள்ளே 'காலையில் எழுந்திருக்க வேண்டாம்' என்ற வரிக்குக் கீழே அவளுடைய குண்டு எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை, அதன் கீழே கையெழுத்து. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார்.

"சரிபார்த்தேன்."