முனிராஜுக்கு நான் போட்ட மீட்டிங்

யாராவது தங்கள் கஷ்டத்தைச் சொன்னால் அதை என்னால் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி எரிந்துகொண்டே இருக்கும். (கஷ்டம் அவர்களுக்கு, வயிற்றுப்போக்கு எனக்கு.)

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து லைன் லீடர் ஆனேன். உடனே ஒரு பயிற்சி வகுப்பு. "ஆளுங்க மனசைப் புரிஞ்சு நடத்துங்க" என்றார் வந்தவர். எப்படி என்று கேட்டிருக்கலாம். பட்டதாரிகள் நடுவில் கையைத் தூக்க வெட்கம்.

மறுநாளே முனிராஜ் சிக்கினான். பக்கத்துப் பேரிகை ஊர்ப் பையன், டிரில்லிங் மெஷினில் நல்ல வேகம். அன்றைக்குத் துளைகள் தவறித் தவறி விழுந்தன. ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கல்யாணம் நின்னுடும் போல இருக்குதுண்ணா. எந்த ஊர்ல வைக்கிறதுன்னு ரெண்டு வீட்டுக்கும் சண்டை. ஞாயித்துக்கிழமை மாமா போய்ப் பேசறாரு. அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்ணா."

"என்கிட்ட சொல்லிட்ட இல்ல, விடு" என்றேன்.

வீட்டுக்குப் போயும் எனக்கு முனிராஜ் ஞாபகம்தான். இதே நினைப்பில் டிரில்லுக்குள் கையை விட்டுவிட்டால்? எவனாவது கிண்டல் செய்து இவன் மனசு உடைந்துவிட்டால்?

காலை ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரும் வட்டமாக நின்று பாதுகாப்பு உறுதிமொழி எடுப்போம். பிறகு லீடர் நாலு வார்த்தை பேச வேண்டும். பேசினேன். பெயரைச் சொல்லவில்லை. (அவ்வளவு விவரமானவன்!)

"நம்ம லைன்ல ஒரு தம்பிக்குக் கல்யாணம் நிக்கிற மாதிரி இருக்குது. யாரும் கிண்டல் பண்ணாம, மனசு நோகாம பாத்துக்கங்க."

லைனில் நிச்சயமானவன் ஒருத்தன்தான். அவன் கொடுத்த லட்டை எல்லோரும் தின்றிருந்தோம். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

டீ நேரத்தில் துக்கம் விசாரிப்பதுபோல வரிசையாக வந்தார்கள். "ஹோக்லி பிடு", போனால் போகட்டும் என்று கன்னடத்தில் ஒருவர் முதுகைத் தட்டினார். அதையே "போனீலே" என்று தெலுங்கில் இன்னொருவர். மதுரைக்காரர், "விடுறா, எங்க பக்கம் பொண்ணு இருக்கு, பார்ப்பமா?" என்றார். காவேரிப்பட்டினத்து செல்வம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெண் வீடு அவனுக்குப் பக்கத்துத் தெரு. மத்தியானமே ஊருக்குப் போன் போட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை போன மாமாவைப் பெண் வீட்டில் உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். "கல்யாணம் நின்னுடுச்சுன்னு உங்க பையன் கம்பெனி பூரா சொல்லிட்டானாமே. இனி பேச என்ன இருக்குது?"

திங்கட்கிழமை முனிராஜ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உங்ககிட்டதானேண்ணா சொன்னேன்" என்றுவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றைக்கு ஒரு துளைகூடத் தவறவில்லை.

நானே காவேரிப்பட்டினம் போய்ப் பெண்ணின் அப்பாவிடம் கெஞ்சினேன். "யாருங்க நீங்க?" என்றார். லைன் லீடர் என்றேன். "ஓ, மீட்டிங் போட்டவரா!" என்றார். அத்தோடு சரி.

இன்றும் என் மனைவி எதைச் சொன்னாலும், "இது மீட்டிங்குக்கு இல்லீங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். மார்க் குறைந்தால் மகளும் அதையே சொல்கிறாள்.

பிறகு முனிராஜுக்கு வேறிடத்தில் கல்யாணம் கூடியது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் என் வீட்டுக்குப் பத்திரிகை கொண்டுவந்தான்.

"ஏன்டா தம்பி, இவ்வளவு லேட்டா?"

"பயம்தாண்ணா" என்றான், சிரிக்காமல்.

மனைவி சமையலறையில் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.