கறுத்துப்போன சூரியனுக்கு நான் பொறுப்பில்லை

வடக்குப்பட்டு,
தை 14, புதன் மதியம்.

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு, மகள் பிரவீனா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மாப்பிள்ளையும் பூஜாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பூஜாவின் இருமலை நலத்துக்குள் சேர்ப்பதா, வெளியே நிறுத்துவதா என்று தெரியாமல் அந்த வரியைப் பாதியில் விட்டுவிட்டேன். அங்கு நீங்களும் பெரியம்மாவும் நல்ல தெம்போடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்க அந்தத் தெம்பு தேவைப்படும்.

பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டும், இரண்டு வாரம் தாமதம், மன்னிக்கவும். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை நம்பரைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு வாசலில் உட்கார்ந்து பேசுவீர்கள், நான் இங்கே ரகசியமாகச் சொல்வது வடலூரில் ஒரு தெருவுக்கே கேட்கும். அதனால்தான் கடிதம். முதலில் பி.பி. மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

விஷயம் இதுதான். நாலு வருஷமாக கான்ட்ராக்டில் இருந்த உங்கள் மாப்பிள்ளைக்கு இந்தப் பொங்கலோடு பர்மனென்ட் ஆர்டர் வருவதாக இருந்தது. பதினோரு பேர் பட்டியலில் பத்துப் பேருக்கு வந்துவிட்டது. கார்முகில் என்ற பெயருக்கு எதிரே மட்டும் ‘பரிசீலனையில்’ என்று போட்டிருக்கிறதாம். காரணம் நான். நான் ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் காரணம் நான்தான். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

மார்கழி பிறந்ததும் ஊர் வழக்கப்படி நானும் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்தேன். ஐந்தரைக்குப் போட்டால் பால் மாதிரி இருக்கும், எட்டு மணிக்குப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் கிடக்கும். கோலமாவில்தான் கலப்படம் என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் பாவம் வேறு பாக்கெட் கொடுத்தார், அதுவும் அப்படியே ஆனது. சரி, அரிசி மாவில் போடுவோம் என்று போட்டேன், எறும்புகூட ஒரு வாய் வைத்துவிட்டுத் திரும்பிப் போனது. பிறகுதான் மொட்டை மாடியில் காயப்போட்ட பூஜாவின் யூனிஃபார்மை உதறும்போது கையில் ஒட்டிய கறுப்புப் பொடியைப் பார்த்தேன். உங்கள் மாப்பிள்ளை வேலை பார்க்கும் அந்த அட்டைப்பெட்டி கம்பெனி பாய்லருக்கு வாங்கும் கரியை ஏரிக்கரை ஓரமாகத் திறந்த வெளியில் மலையாகக் குவித்திருக்கிறார்கள் பெரியப்பா. காற்று அடித்தால் அந்தப் பொடி நம் வீட்டுக்கு, புகைக்கூண்டு ஊதினால் அந்தக் கரி நம் வீட்டுக்கு. சுங்குவார்சத்திரம் டாக்டர் பூஜாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு, வீட்டில் யார் சிகரெட் பிடிப்பது என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை, உங்கள் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய்லர் டூட்டி முடிந்து அப்படியே வந்திருந்த மனுஷன், மூக்கு ஓரமெல்லாம் கறுப்பு.

இதெல்லாம் போதாதென்று பக்கத்து வீட்டு எழிலரசி அக்கா. மகளிர் குழுத் தலைவி. அவங்க மாமியாருக்கும் மூச்சிரைப்பு, அதனால கரி வேணாம், வேற எரிபொருளுக்கு மாறணும், கம்பெனி கூரை பூரா சோலார் போடணும்னு தெருத்தெருவாக் கூட்டம் போட்டுக்கினு இருந்தாங்க. நான் கெமிஸ்ட்ரி படிச்சவன்னு யாரோ சொல்லிட்டாங்க. நேரா வீட்டுக்குள்ள வந்து, “கெமிஸ்ட்ரின்னா இன்னாமா, இந்தப் புகையைப் பத்தித்தானே மூணு வருஷம் படிச்சே, ஒரு மனு எழுதித் தர மாட்டியா?”ன்னாங்க. மூணு வருஷத்துல லேப்ல நான் எரிச்சது என் துப்பட்டா ஒண்ணுதான்னு சொல்லிப் பார்த்தேன், கேக்கல. வீட்டுக்காரர் அங்கதான் வேலை பாக்குறாருன்னு சொன்னேன். அதுக்கு அந்தம்மா, “அதான் ஒனக்கு நல்லாத் தெரியுமே”ன்னுட்டாங்க.

எழுதினேன், ஆனா கையெழுத்தை வெச்சுக் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு இடது கையால எழுதினேன் பெரியப்பா. கலெக்டருக்குப் போற மனு, எல்.கே.ஜி. நோட்டு மாதிரி இருந்தது. எழிலரசி அக்கா வாங்கிப் பார்த்துட்டு, இதை எங்க வூட்டு எருமை எழுதியிருந்தாக்கூட இன்னும் நேரா இருக்கும்னு சொல்லி, திரும்ப வலது கையால எழுத வெச்சாங்க. அவங்க வீட்டுல எல்லாரும் கையெழுத்துப் போடும்போது நான் கடைசி வரியில, ஓரமா, எறும்பு சைஸ்ல போட்டேன். கைநாட்டு வைக்க வேண்டிய அம்மாங்க பத்துப் பன்னெண்டு பேர் இருந்தாங்க, மைப் பெட்டியை யாரும் எடுத்து வரல. நான் ஓடிப்போய் வாங்கிட்டு வர்றேன்னு கிளம்பினேன் (அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்னுதான்). அதுக்குள்ள ஒரு அம்மா ஜன்னல் கட்டையில கட்டை விரலைத் தேய்ச்சு அப்படியே தாள்ல வெச்சாங்க. ரேகை எல்லாம் தெளிவா விழுந்தது. அப்புறம் எல்லாருமே அதே ஜன்னல்ல தேய்ச்சு வெச்சாங்க.

அன்னையிலேர்ந்து கம்பெனி ஜீப் தெருவுல வந்தா நான் பாத்ரூம்ல. யாரு மனு எழுதினதுன்னு விசாரிக்கிறாங்கன்னு இவரு வந்து சொல்லுவாரு, நான் சாம்பாருக்கு உப்பு ரெண்டு தடவை போடுவேன். இவர்கிட்டயும் சொல்லல. சொன்னா அவரு முகத்துல தெரிஞ்சிடும், அவருக்கு மறைக்க வராது, உங்களுக்குத்தான் தெரியுமே.

அப்பத்தான் கம்பெனியே பொங்கலுக்குக் கோலப்போட்டி வெச்சாங்க. கேட்டுக்கு வெளியே ரோட்டைக் கழுவிவிட்டு ஆளுக்கு ஒரு கட்டம். தலைப்பு ‘தூய காற்று, தூய ஆற்றல்’. நான் பொய் சொல்லல, பேனர்ல அப்படித்தான் போட்டிருந்தது, பின்னாடியே புகைக்கூண்டு. கான்ட்ராக்ட் ஆளுங்க வீட்டுலேர்ந்தும் வரணும்னு எச்.ஆர். மேடம் சொன்னதா இவரு சொன்னாரு. எனக்கும் நல்ல யோசனையாப் பட்டது. கலந்துகிட்டா கம்பெனிப் பக்கம்னு நினைப்பாங்க, மனு சந்தேகம் நம்மமேல வராது. ஏரி, ரெண்டு கொக்கு, ஒரு சின்னப் பொண்ணு, மேல பெரிய சூரியன். யாரையும் நோகடிக்காத கோலம். மஞ்சப் பொடி பத்தாததால சூரியனை மட்டும் வெள்ளை மாவுலயே திக்கா நிரப்பிட்டேன். ஒன்பதரைக்கு மார்க் போடுறதா இருந்தது. நடுவரு சென்னையிலேர்ந்து வர்ற ஓவிய ஆசிரியர், டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாரு. வெயில்ல காத்திருந்தோம். பத்து மணிக்கு பாய்லரை ஊதிட்டாங்க. குழாய்ல படிஞ்ச கரியை ஷிப்டுக்கு ஒரு தடவை நீராவியை விட்டு வெளியே தள்ளுவாங்களாம், எந்நேரத்துக்குத் தள்ளுவாங்கன்னு எனக்கு எப்படிப் பெரியப்பா தெரியும். கறுப்பு மழை மாதிரி இறங்கிச்சு. மத்தவங்க கோலத்துல கலர் இருந்ததால அவ்வளவாத் தெரியல. என் சூரியன் மட்டும் அடுப்புல விட்ட அப்பளம் மாதிரி ஆயிடுச்சு.

பதினோரு மணிக்கு அந்த ஆசிரியர் வந்தாரு. எல்லாத்தையும் பார்த்துட்டு என் கட்டத்துகிட்ட நின்னாரு, நின்னுகினே இருந்தாரு. “கறுத்த சூரியனை அண்ணாந்து பார்க்கிற குழந்தை. இதை இந்த கேட்டுக்கு எதிர்ல போட ஒரு துணிச்சல் வேணும்மா.” நான் இல்ல சார், அது வந்து சார்னு ஆரம்பிச்சேன், அடக்கமா இருக்கேன்னு நினைச்சு அவரே கை தட்டிட்டாரு. முதல் பரிசு எனக்கு. எச்.ஆர். மேடம் கையாலயே இண்டக்ஷன் அடுப்பு. அந்தம்மா சிரிச்ச சிரிப்பு கண்ணுக்கு ஏறவே இல்ல. போகட்டும், அதோட முடிஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. எழிலரசி அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கினு ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சு, மேடம் காதுல விழுற மாதிரி சொன்னாங்க: “மனு எழுதுன கை ஆச்சே, சும்மா வுடுமா.”

மறுநாள் பேப்பர்ல படம். கரிப்புகையைக் கோலத்தால் கண்டித்த இல்லத்தரசின்னு தலைப்பு. என் கையில அடுப்பு, வாய் திறந்திருக்கு. அந்த வாரமே ‘பரிசீலனையில்’.

அடுத்த புதன்கிழமை அந்த மனு விஷயமா கலெக்டர் ஆபீஸ் அதிகாரிங்க நேர்ல வந்து ஊர்க்காரங்களை விசாரிக்கிறாங்க. ஊர் சார்பா நான்தான் பேசணும்னு மகளிர் குழுவுல முடிவு பண்ணிட்டாங்க, என்னை யாரும் கேக்கல. இவருக்கு வேலை போயிட்டா என்ன செய்வோம், பூஜாவுக்கு வர்ற ஆஸ்பத்திரிச் சலுகையும் போயிடும், வாடகை வீடு, இன்னா பண்றதுன்னே தெரியல.

உங்ககிட்ட இதை எழுதவே கூச்சமா இருக்கு. முப்பத்திரண்டு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்துல உழைச்சு, அந்தச் சம்பளத்துல என்னையும் படிக்க வெச்சீங்க. அந்தப் பக்கம் புதுசாச் சுரங்கம் வேணாம்னு ஜனங்க ரோட்டுல உக்காந்தப்போ, வேலையத்தவங்கன்னு நீங்க திட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. இப்ப உங்க வீட்டுப் பொண்ணே அதுல ஒருத்தி. சத்தியமா வேணும்னு செய்யல.

ஒரே ஒரு உதவி. இவருக்கு வேலை வாங்கிக் கொடுத்த கான்ட்ராக்டர் முப்பிடாதி சார் உங்ககூட சுரங்கத்துல வேலை பார்த்தவர்தானே. அவருக்கு ஒரு போன் போட்டு, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, யாரோ எழுதச் சொன்னாங்க, எழுதிட்டா, கோலம் கறுத்தது தற்செயல், இனிமே எந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டான்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. ஸ்பீக்கர்ல போடாமப் பேசுங்க.

பெரியம்மாவின் கால் வலிக்கு அந்தத் தைலத்தை விடாமல் தேய்த்துவிடவும். பூஜா தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் முத்தம் சொல்லச் சொன்னாள். இருவர் ஆசியும் எங்களுக்கு எப்போதும் வேண்டும். இந்த வருஷம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

இப்படிக்குப் பணிவுடன்,
உங்கள் அன்பு மகள்
பிரவீனா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இவர் ஷிப்ட் முடிந்து வந்துவிட்டார். எச்.ஆரில் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நாளைக்கே ஆர்டராம். இவர் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, “நீ படிச்சுப் பாரு, போடறதும் போடாததும் உன் இஷ்டம், எனக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு பூஜாவுக்கு ஆவி பிடிக்கத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். அவருக்கு ஒன்றுமில்லை என்பது பொய், முகத்திலேயே தெரிந்தது.

படித்தேன் பெரியப்பா. எனக்கு ஒன்றும் தெரியாது, பிறர் சொல்லி எழுதினேன், கோலம் கறுத்தது தற்செயல், இனி எந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டேன். மேலே உங்களுக்கு நான் எழுதியதேதான், டைப் அடித்திருந்தது. என் கையெழுத்தில் இருந்தபோது எனக்கு உறைக்கவில்லை. டைப்பில் படித்ததும் யாரோ ஒரு பயந்தாங்கொள்ளிப் பொம்பளை எழுதிய பொய் மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு ஊதுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஊதுகிறவரே என் வீட்டுக்காரர், தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் சூரியனை வெள்ளையாக விட்டேன். நடுவர் தாமதமாக வந்தது மட்டும்தான் தற்செயல்.

கையெழுத்துப் போடவில்லை. இந்த வரியே கோணலாகத்தான் போகிறது. புதன்கிழமை பேசும்போது குரல் வருமா என்றும் தெரியவில்லை. முப்பிடாதி சாருக்கு போன் செய்ய வேண்டாம். செய்துதான் ஆக வேண்டுமென்றால், அந்தப் பொண்ணு தெரிஞ்சுதான் போட்டான்னு சொல்லுங்கள். ஸ்பீக்கரிலேயே பேசுங்கள்.