பாதி ஓனரும் அடுப்புக்கு மேல் ஒரு மணியும்

பஹ்ரைனில் வாழும் அத்தனை தமிழர்களிலும், பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பெல்லாம் கூசிப்போகும் ஒரே மனிதர் எங்கள் பாதி ஓனர்தான். இதை யாரும் போட்டி வைத்து முடிவு செய்யவில்லை. வைத்திருந்தால் முதல் பரிசை வாங்கிக்கொண்டு, தான் ஜெயித்ததற்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லியிருப்பார்.

ஈசா டவுனில் இந்தியப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய வில்லா. அதன் சொந்தக்காரர் ஒரு பஹ்ரைனிப் பெரியவர். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘அர்பாப்’, அதாவது முதலாளி. அவரிடமிருந்து மொத்த வீட்டையும் வாடகைக்கு எடுத்தவர் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர். மாடியை எனக்கும் என் மனைவி பானுவுக்கும் விட்டார். கீழ்த்தளத்தை யாழ்ப்பாணத்து ராணி அக்கா குடும்பத்துக்கு விட்டார். வாசல் பக்கத்து அறையில் தான் குடியிருந்தார். ஆக, அர்பாபுக்கு அவர் குடித்தனக்காரர், எங்களுக்கு வீட்டுக்காரர். வாடகை வாங்குகிற நாளில் முழு ஓனர். குழாய் ஒழுகுகிற நாளில் எங்களைப் போலவே ஓர் அப்பாவிக் குடித்தனக்காரர். அதனால்தான் முகத்துக்கு நேரே அண்ணாச்சி, முதுகுக்குப் பின்னால் பாதி ஓனர்.

ஒரு கோடையில் எங்கள் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி மெத்தை நனைந்துவிட்டது. இறங்கிப் போய்ச் சொன்னேன்.

“ஏசி அர்பாபோடதுல்லா? நான் என்னவே செய்ய முடியும்?”

“அப்ப அர்பாப்கிட்ட சொல்லுங்க அண்ணாச்சி.”

“தண்ணி யார் மெத்தையில விழுது? உம்ம மெத்தையில. அவரு மெத்தையில விழுந்தா அவருட்ட சொல்லலாம்.”

இப்படிப் பேசுகிற பிரகஸ்பதியிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? மெத்தை மேல் ஒரு வாளியை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிப் படுத்து அந்தக் கோடையை ஓட்டினோம்.

பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்தது. பயந்துபோன அர்பாப், மறுநாளே இரண்டு புகை மணிகளோடும் ஓர் எலெக்ட்ரீஷியனோடும் வந்து இறங்கினார். இந்தியர்களோடு பழகிப் பழகி அவருக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து இந்தியிலேயே சொன்னார். மணியை மாட்டித் தருவது அவர் பொறுப்பு. அதைச் சாகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. எவனாவது கழற்றினால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

எலெக்ட்ரீஷியன் பாவம், படுக்கையறைகளுக்கு வெளியே நடையில் ஏணியைப் போட்டான். அங்கேதான் பாதி ஓனருக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டார்.

“நில்லுடே. நெருப்பு எங்க இருக்கு? அடுப்புல. அப்ப மணிய எங்க மாட்டணும்? யல்லா, ஏணிய எடு.”

“நஹி பாய், கிச்சன் மே நஹி” என்று, சமையலறையில் வேண்டாமென அவன் கெஞ்சினான். கேட்டால்தானே? மாடியில் எங்கள் அடுப்புக்கு நேர் மேலே ஒன்று, கீழே ராணி அக்கா அடுப்புக்கு நேர் மேலே ஒன்று.

அன்றிலிருந்து எங்கள் சமையல் ஊருக்கே தெரிந்தது. கடுகு தாளித்தால் கத்தும். அப்பளம் பொரித்தால் அலறும். தோசைக் கல்லில் எண்ணெய் தடவினாலே தொண்டையைச் செருமும். எப்போதோ ஒரு ஹோட்டலில் கொடுத்த குளியல் தொப்பியை பானு கொண்டுவந்து அதன் தலையில் மாட்டித்தான் ரசம் வைத்தாள். மணி அடித்தால் வீட்டுக்காரர் ஓடி வந்து நெருப்பா என்று பார்க்க வேண்டாமா? இந்தப் புண்ணியவான் அறையில் உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பார்: “பானும்மா, இன்னிக்கு என்ன கொழம்பு?”

சில மாதத்தில் எங்கள் மணிக்கு பேட்டரி தீர்ந்துபோய் நிமிஷத்துக்கு ஒரு தரம் ‘கீச்’ என்று முனக ஆரம்பித்தது. கண் மூடினால் கீச். பேட்டரி யார் வாங்குவது? பெட்டி அர்பாபுடையது, முனகல் உம்முடையது என்றார் பாதி ஓனர். அந்த வாரம் அர்பாப் வந்தபோது நானே எதிரே போய் நின்றேன். வாயைத் திறக்குமுன் பாதி ஓனர் நடுவில் பாய்ந்து, தனக்குத் தெரிந்த அரபியில் கையை ஆட்டி நீளமாக ஏதோ சொன்னார். அர்பாப் முகம் மலர்ந்து என் தோளைத் தட்டினார்.

“நீயே செலவு செய்து பேட்டரி போட்டுக்கொள்கிறாயாமே! நல்ல பிள்ளை” என்றார் இந்தியில்.

நானும் இந்தியில் உண்மையைச் சொன்னேன். அர்பாப் திரும்பிப் பார்த்தார். பாதி ஓனர் கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். சாயங்காலமே அர்பாபின் டிரைவர் பேட்டரிகளோடு வந்தான். கூச்சம் என்று ஒன்று இருக்கிற மனிதன் அன்றைக்கு அறையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டான். இவரோ மாடிப்படி ஏறி வந்து, “பாத்தீரா? நான் பேசுனா காரியம் நடக்கும்” என்றார்.

கீழே ராணி அக்காவின் பாடு இன்னும் மோசம். கறித்தூளுக்கு அவர் மிளகாய் வறுக்கத் தொடங்கினால் எங்களுக்கே மாடியில் இருமல் வரும்.

“அண்ணை, உது கத்திக் கத்தி என்ர காதைச் செவிடாக்கிப் போட்டுது. நடைப் பக்கமாத் தள்ளிப் பூட்டித் தாங்கோவன்” என்று எத்தனையோ முறை கேட்டார்.

“அர்பாப் மாட்டுனத நான் எப்படிம்மா தொடுவேன்?” என்றார் மாட்டச் சொன்ன மகானுபாவர்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ராணி அக்கா ஸ்டூலில் ஏறி பேட்டரியை உருவி மல்லி டப்பாவுக்குள் போட்டுவிட்டார். எனக்கும் பானுவுக்கும் தெரியும். பாதி ஓனருக்கும் தெரிந்திருந்தது, அப்போது எங்களுக்கு அது தெரியாது.

ராணி அக்காவின் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கிய வாரம் அது. பகல் நேரம். அவள் பள்ளிக்கூடத்தில், ராணி அக்கா அடுத்த தெருக் கடையில். நைட் டியூட்டி முடித்த அவர் கணவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார். வாஷிங் மெஷின் சொருகியிருந்த எக்ஸ்டென்ஷன் போர்டு உருகிப் புகைந்தது. மணி வாயைத் திறக்கவில்லை. அடுத்த வீட்டுத் தோட்டக்காரர் ஜன்னலில் புகையைப் பார்த்துக் கதவை உடைக்கிற மாதிரி தட்டியதால் அந்த மனிதர் இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தார். பிழைத்தார். தீயணைப்பு ஆட்கள் வந்து அணைத்துவிட்டு, மணியைக் கழற்றி, எங்கள் எல்லோரோடும் ஓடி வந்து நின்ற அர்பாபிடம் காட்டினார்கள். உள்ளே காலி.

அர்பாபின் முகம் சிவந்தது. “கிஸ்னே நிகாலா?” யார் எடுத்தது?

ராணி அக்கா அடுப்படிப் பக்கம் பார்த்தார். சொன்னால் இன்றைக்கே தெருவில் நிற்க வேண்டும். மறுநாள் மகளுக்குக் கணக்குப் பரீட்சை. நான் பாதி ஓனரின் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். இத்தனை வருஷம் எங்களையே காட்டிப் பழகிய விரல் அது. எதிர்பார்த்தபடியே எழும்பியது. மெதுவாகத் திரும்பி அவர் நெஞ்சிலேயே போய் நின்றது.

“மைனே, அர்பாப். நான்தான்.”

“இல்லை அண்ணை, அது…” என்று ராணி அக்கா தொடங்கினார்.

“நீ சும்மா இரும்மா. ஆம்பளையாளு பேசிட்டு இருக்கோம்லா?”

திருந்தினாலும் மரியாதை வராது அந்த மனிதருக்கு. அர்பாப் சொன்ன சொல் மாறவில்லை. வீட்டை நேரடியாக எங்கள் இரண்டு குடும்பங்களின் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டு, ‘கலாஸ்’, முடிந்தது என்று கையை உதறினார். பாதி ஓனர் அன்றைக்கே இரண்டு பெட்டிகளோடு கிளம்பினார். நான் டாக்சி வரை தூக்கிக்கொண்டு போனேன்.

“ஏன் அண்ணாச்சி இப்படிச் செஞ்சீங்க?”

“அத அடுப்புக்கு மேல மாட்டச் சொன்ன கோட்டிக்காரன் யாரு? நான்லா? அங்க மாட்டுனா எவதான் கழட்டாம இருப்பா? அந்த மனுசன் உள்ள செத்திருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு ஊருக்குப் போவேன், சொல்லும்.”

அவர் கண் கலங்கியிருந்தது. பெட்டியை டிக்கியில் வைத்தேன்.

இப்போது மணிகள் நடையில் இருக்கின்றன. ஏசி சொட்டினால் அர்பாபின் ஆள் அன்றைக்கே வருகிறான். வீடு ஒழுங்காக இருக்கிறது, சண்டை போடத்தான் ஆள் இல்லை. மனாமாவில் யாரோடோ அறையைப் பங்கிட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாக முழுக் குடித்தனக்காரராக இருக்கிற அண்ணாச்சி வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சோறு குழைந்துவிட்டது என்று பானுவைக் குறை சொல்வார், சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.