ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வருகிறேன், மச்சான்

சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம், தூத்துக்குடி
வெள்ளிக்கிழமை காலை

பெருமதிப்புக்குரிய மூத்த மச்சான் டிக்சன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பிளாரன்ஸின் கணவன் இனிகோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் ஜீப்பும் சுகம். ஜீப்பின் இன்ஜினுக்கு மட்டும் சற்றே சுகவீனம், அதைப் பற்றிக் கீழே விவரமாகச் சொல்கிறேன். அவ்விடம் தாங்கள், தங்கள் மனைவி ஜெப்ஸி அக்கா, ஐந்து வாரமாகத் தங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி, மூவரின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். குறிப்பாகக் கடைசியில் சொன்னவளின் சுகம்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு மூளை குழம்பிவிட்டதா என்று நினைக்க வேண்டாம். முப்பத்து நாலு வருடம் துறைமுகத்தில் இழுவைக் கப்பலின் இன்ஜின் பக்கத்தில் நின்றவன் நான். என் காது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நான் சாதாரணமாகப் பேசினாலே எதிராளிக்குச் சண்டை பிடிப்பதாகத்தான் படும். போன வாரம் போனில் 'மன்னிச்சிருங்க மச்சான்' என்றுதான் சொன்னேன். நீங்கள் 'ஏலே, என்னையவே அதட்டுதியா?' என்று கேட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். எழுத்துக்குச் சத்தம் கிடையாது. ஆகையால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பிளாரன்ஸ் வருகிற திங்கட்கிழமை மகள் சுஜிதா வீட்டுக்கு மஸ்கட் போகிறாள், ஆறு மாதம் கழித்துத்தான் வருவாள் என்று எதிர்க்கடை சண்முகசுந்தரி சொல்லி எனக்குத் தெரியவந்தது. சொந்தப் பெண்டாட்டி வெளிநாடு போவதை அரைக்கிலோ சீனி வாங்கப் போன இடத்தில் தெரிந்துகொண்டேன், மச்சான். நடப்பது நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு நேராக வீரபாண்டியன்பட்டணம் வருகிறேன். அதிலேயே அவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். அதுவரை அவளை எந்த விமானத்திலும் ஏற விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அண்ணனாகிய தங்கள் பொறுப்பு.

நீங்கள் ஒரு பக்கக் கதையைத்தான் கேட்டிருப்பீர்கள். மறு பக்கம் நான் சொல்கிறேன். நான் கடலில் கிடந்த காலமெல்லாம் அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ரிட்டையர் ஆனதும் உன்னை நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் கூட்டிப் போவேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காகத்தான் உப்பளத்து முதலாளி ஒருத்தர் மூலையில் போட்டு வைத்திருந்த பழைய ஜீப்பை வாங்கினேன். நாலு சக்கரமும் இழுக்கும், மணலில் போகும், சேற்றில் போகும், தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டில் கூடப் போகும் என்றார் அவர். போகும்தான், இன்ஜின் ஓடினால். உப்புக்காற்றில் பத்து வருடம் கிடந்ததில் பிஸ்டன் நாலும் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்து, அசைவேனா என்று நின்றது. 'ஒரு மெக்கானிக்க கூப்பிடுங்களேன்' என்றாள் பிளாரன்ஸ். கப்பல் இன்ஜினையே பிரித்துப் போட்டுக் கோத்தவன், ஒரு ஜீப் இன்ஜினுக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுவதா? கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கப் பார்க்கிறாளே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கு ஜீப்புக்கு அடியில் போனவன் பதினாலு மாதம் அங்கேயேதான் இருந்தேன். அந்தப் பதினாலு மாதத்தில் என் முகத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் காலைத்தான் அதிகம் பார்த்ததாக அவள் சொல்கிறாள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

அவள் கிளம்பிய நாள் நடந்தது இது. சிலிண்டருக்குள் லைனர் என்கிற புது உள்குழாயை இறக்க வேண்டுமென்றால் லைனரைக் குளிர வைத்துச் சுருக்க வேண்டும். பிஸ்டன் துளையில் இரும்புப் பின்னை ஏற்ற வேண்டுமென்றால் பிஸ்டனைச் சூடாக்கி விரிக்க வேண்டும். கப்பலில் இதற்கெல்லாம் தனிச் சாமான் உண்டு, வீட்டில் குசினிதான் உண்டு. ஆகவே லைனர் நாலையும் ஃப்ரீசரில் வைத்தேன். அதிலிருந்த சீலா மீனை வெளியே எடுத்து வைத்தவன் திரும்ப வைக்க மறந்துபோனேன், அது என் தப்பு. பிஸ்டன் நாலையும் அவளுடைய பெரிய இட்லிக் கொப்பரையில் போட்டு அவித்தேன், அதுவும் என் தப்பு. ஆனால் அன்றைக்கு அன்பியக் கூட்டத்துக்குப் பதினைந்து பெண்கள் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வருகிறார்கள் என்று அவள் நாலு தடவை சொன்னாளாம், என் காதில் ஒரு தடவைகூட விழவில்லை. அது யார் தப்பு? ஜெபம் முடிந்து, இட்லி வெந்துவிட்டதா பார்க்கிறேன் என்று ஒரு அம்மா உரிமையோடு குசினிக்குள் போய்க் கொப்பரையைத் திறந்தார்கள். 'ஆண்டவரே!' என்று அவர்கள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

பிளாரன்ஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, பிறகு நான் கேட்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள். 'எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். அந்த இன்ஜினு என்னைக்கு ஓடுதோ அன்னைக்கு அதுலயே வந்து கூப்பிடுங்க. இல்லேன்னா அதையே கட்டிக்கிட்டு அழுங்க.' இதில் பின்பாதி கோபம், முன்பாதி நிபந்தனை என்று நான் எடுத்துக்கொண்டேன். நிபந்தனை என்று வந்துவிட்டால் நான் விடமாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை இன்ஜின் வேலை முடிந்தது. ஜீப்பின் பழைய தண்ணீர் பம்பு உளுத்துப்போயிருந்ததால், என்னிடம் கிடந்த ஒரு போட் பம்பைப் பொருத்தினேன். நம் பக்கம் புது வள்ளத்தைக் கடலில் இறக்கும்போது செய்கிற மாதிரியே பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்க வைத்தேன். முகப்பில் இரண்டு பக்கமும் சிவப்புப் பெயிண்டில் 'பிளாரன்ஸ்' என்று எழுதினேன். 'யாரு, புனிதையா?' என்று சாமியார் கேட்டார். 'ஒரு வகையில ஆமா சாமி' என்றேன். முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியில் பம்பின் குழாயைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். மச்சான், முதல் திருப்பிலேயே பிடித்தது! தொட்டித் தண்ணீரை ஒரு பக்கம் இழுத்து மறு பக்கம் சுடச்சுடச் சாக்கடையில் விட்டுக்கொண்டு, ஒரு தட்டல் இல்லை, ஒரு இருமல் இல்லை, கோயில் ஆர்மோனியம் மாதிரி ஓடியது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

தெருவே கைதட்டியது. சண்முகசுந்தரி மட்டும் கல்லாவை விட்டு இறங்கி வந்து, குழாயைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 'ஏன் அண்ணாச்சி, ரோட்டுல போகையில இந்தத் தொட்டியையும் தூக்கிக்கிட்டா போவீக?' என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலில் இன்ஜினைச் சுற்றிலும் தண்ணீர். முப்பத்து நாலு வருடத்தில் ஒரு நாளாவது கடல் தீர்ந்துபோய்விடுமே என்று எவனுக்காவது கவலை வந்திருக்குமா? ஜீப்புக்கு முன்னால், சுட்ட தண்ணீரை ஆற வைத்துத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்ப, ரேடியேட்டர் என்று ஒரு சாமான் இருக்கத்தான் செய்தது. ஓட்டை விழுந்திருந்தது. இது எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று என் கை தானாகவே அதைக் கழற்றி, பழைய இரும்பு எடுக்கும் வேல்ராஜிடம் போட்டுவிட்டது. ஓடிப்போய் அவனைக் கேட்டேன். 'அத உருக்கி ஆறு மாசம் ஆச்சு அண்ணாச்சி. இந்நேரம் எவன் வீட்டுலயாவது குத்துவிளக்கா நிக்கும்' என்று சொல்லுதான். அந்த மாடலுக்குப் புது ரேடியேட்டர் மதுரையிலிருந்து வரப் பத்து நாளாகுமாம். விமானமோ திங்கட்கிழமை. போகட்டும், ரேடியேட்டர் இல்லாமலே வருகிறேன் என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை வெள்ளோட்டம். ஜீப்பின் பின்னால் இருநூறு லிட்டர் டிரம்மை ஏற்றித் தண்ணீர் நிரப்பி, பம்புக் குழாயை அதில் விட்டேன். வெந்நீர் வெளியே போகிற குழாய், முகப்பில் நான் எழுதிய பெயருக்கு நேர் கீழே அமைந்துவிட்டது, வேண்டுமென்று வைக்கவில்லை. ஜீப் தெருவில் இறங்கியதும் பிளாரன்ஸ் என்ற எழுத்துக்கு அடியிலிருந்து ஆவி பறக்கக் கொதிதண்ணீர் கொட்டுகிறது. 'ஏலே விலகுங்கலே, மதினி கொதிக்காவ!' என்று ஊர்ப்பயல்கள் கூத்தடித்தார்கள். நீங்கள் இதை அவளிடம் சொல்ல வேண்டாம். திருச்செந்தூர் ரோட்டில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, நனைந்த பூட்ஸை உதறிக்கொண்டு, 'யோவ், இது வண்டியா, படகா?' என்றார். 'இப்போதைக்கு ரெண்டும்தான் சார்' என்றேன். நான் பேசியது அவருக்கும் அதட்டலாகப் பட்டிருக்க வேண்டும், சல்யூட் மாதிரி ஏதோ செய்துவிட்டு வழி விட்டார்.

முள்ளக்காடு தாண்டுவதற்குள் டிரம் காலி. இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் ஏறுகிறது. இடது பக்கம் பார்த்தால் உப்பளம், வாய்க்கால் நிறையத் தண்ணீர். உப்புத் தண்ணீருக்கு நான் பயப்படுவேனா? கடல் தண்ணீர் குடித்த இன்ஜின்களை வைத்துத்தானே பிள்ளையை வளர்த்து ஆளாக்கினேன்! ஜீப்பை இறக்கிக் குழாயை வாய்க்காலில் போட்டேன். முள் சரசரவென்று இறங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் மச்சான், அது கடல் தண்ணீர் இல்லை, கடைசிப் பாத்திக்குப் போகிற தண்ணீர். இன்னும் இரண்டு நாள் வெயில் பட்டால் உப்பாகிவிடும். இன்ஜின் சூடு பட்டதும் அவ்வளவு நாள் காத்திருக்காமல் உள்ளேயே உப்பாகிவிட்டது. பாத்தியில் வேலை செய்த ஒரு அம்மா மண்வெட்டியோடு ஓடி வந்து, 'உப்பக் களவாங்கதுக்கு இப்படி ஒரு மிசினு கண்டுபிடிச்சிருக்கீரா ஓய்!' என்று சத்தம் போட, அந்த நேரம் பார்த்து இன்ஜின் நின்றது. கடைசியில் ஒரு உப்பு லாரிதான் கயிறு கட்டி என்னை வீடு வரை இழுத்து வந்தது. எத்தனை கப்பலை இழுத்துத் துறைமுகத்தில் சேர்த்தவன் நான்! என்னைத் தெருவழியே லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். சண்முகசுந்தரி சிரிக்கவில்லை, சவ ஊர்வலம் போகும்போது நிற்கிற மாதிரி எழுந்து நின்றாள். அதுதான் அதிகமாகச் சுட்டது.

இத்தனைக்கும் நான் சளைத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நேற்று இன்ஜினைத் திரும்பத் திறந்தேன். உள்ளே நல்ல வெள்ளை உப்பு, முதல் தரம். வெந்நீர் விட்டுச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்குக் கோத்துவிடுவேன். இந்தத் தடவை வெந்நீரை வெளியே விடப் போவதில்லை, டிரம்முக்கே திருப்பி, மீன்பிடித் துறைமுகத்தில் பெரிய பார் ஐஸ் கட்டிகள் வாங்கி அதற்குள் போட்டுக்கொண்டு வருகிறேன். முக்காணிப் பாலத்தில் ஆற்றுத் தண்ணீர் பிடித்துக்கொள்வேன், அது நல்ல தண்ணீர். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வாசல் கேட்டைத் திறந்து வையுங்கள், ஐஸ் இரண்டு பார் தயாராக இருக்கட்டும், ஜெப்ஸி அக்காவின் ரோஜாத் தொட்டிகளை வலது பக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், பிளாரன்ஸை இடது பக்கம் உட்காரத் தயாராக இருக்கச் சொல்லுங்கள், வலது பக்கம் கொஞ்சம் சுடும். ஜீப் இல்லாமல் உங்கள் வாசலில் நான் கால் வைக்க மாட்டேன். இது மாதா மேல் சத்தியம்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். என் காதுக்கு வீடு எப்போதும் அமைதிதான். ஆனால் இந்த ஐந்து வாரத்து அமைதி வேறு மாதிரி இருக்கிறது. முன்பெல்லாம் அவள் என்னைத் திட்டுவது கேட்காது, ஆனால் குசினியில் நின்று திட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது தெரியும். இப்போது குசினிப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. சுந்தரி கடை ரொட்டியும் டீயும்தான். இந்த ஆளுக்கு அவள் இல்லாமல் முடியவில்லை மச்சான், அவ்வளவுதான் விஷயம்.

தங்களுக்கும் ஜெப்ஸி அக்காவுக்கும் பனிமய மாதா எல்லா நலமும் தரட்டும். தங்கள் முழங்கால் வலி குறையவும், தங்கள் கோபமும் அதோடு சேர்ந்து குறையவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டால் அது நான்தான்.

தங்கள் சொல்லுக்கு என்றும் கட்டுப்பட்ட,
இனிகோ

பி.கு: இதைத் தபாலில் போடத்தான் கிளம்பினேன். இன்றைக்குப் போட்டால் உங்கள் கைக்குத் திங்கட்கிழமைதான் வரும் என்று தபாலாபீஸில் சொல்லிவிட்டார்கள். அதனால் பஸ் ஏறிவிட்டேன். இப்போது உங்கள் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சத்தியம் இன்னும் உடையவில்லை, வாசலில் கால் வைக்கவில்லை. மீதியை மாதாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இன்னொன்று, சிலிண்டர் ஹெட்டில் விரல் நீளத்துக்கு விரிசல். நேற்றே பார்த்துவிட்டேன், மேலே எழுத மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஜீப் வராது. இந்த வருடமே வருமா என்பது சந்தேகம். விமானத்தில் ஏற விடாதீர்கள் என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள். பெற்ற மகளைப் பார்க்கப் போகிறவளை நிறுத்த நான் யார்? முப்பத்து நாலு வருடம் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று என்னை வழியனுப்பியவள் அவள். நான் ஒரு தடவைகூட அவளை வழியனுப்பியதில்லை. திங்கட்கிழமை திருவனந்தபுரம் விமான நிலையம் வரை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வரலாமா என்று அவளிடம் கேட்டு, கடிதம் கொண்டுவரும் டீக்கடை அண்ணாச்சியிடமே பதில் சொல்லி அனுப்புங்கள்.