புழுவெட்டுக் களிம்பும் இருபது மொட்டைகளும்

ஒரு மருந்து வேலை செய்ததா இல்லையா என்பது உலகத்துக்குத் தெரியாமலே போனதற்கு நான்தான் காரணம். இதை எங்கேயாவது ஒப்புக்கொண்டுதானே ஆக வேண்டும்.

எழுபதுகளில் திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை, தற்காலிகம்தான். தலையில் வட்டவட்டமாக முடி கொட்டும் புழுவெட்டுக்குப் புதுக் களிம்பு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். இருபது நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்துக் களிம்பு, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. யாருக்கு எது என்ற விவரம் ஒட்டிய உறைக்குள் பெரிய டாக்டரின் பீரோவில் இருந்தது. ஆறாம் மாதம் தலைகளைப் போட்டோ எடுத்த பிறகுதான் அதைப் பிரிப்பார்கள்.

"இருபது பேரும் கடைசிவரை வந்தா உன் வேலை நிரந்தரம். ஒருத்தர் குறைஞ்சாலும் நீ வீட்டுக்குப் போகலாம்" என்றார் பெரிய டாக்டர்.

இரண்டாம் மாதமே ஆட்கள் நழுவப் பார்த்தார்கள். வடமாலபேட்டை முனிரத்தினம் டப்பாவைத் திருப்பியே கொடுத்துவிட்டார். "தடவிக்கினே கீறேன், ஒண்ணும் மொளைக்கல சார்."

டப்பாவை அவர் கையிலேயே திரும்பத் திணித்தேன். (இந்த வேலையைச் சொல்லித்தான் வீட்டில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள்!) "மருந்தை மட்டும் நம்பாதீங்க. மொளைச்சா மலைக்குக் குடுத்துடுறேன்னு வேண்டிக்கினு தடவுங்க" என்றேன். இதையே இருபது பேரிடமும் சொன்னேன். அப்புறம் ஒருவர்கூட நழுவவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

போட்டோ நாள். மெட்ராஸிலிருந்து போட்டோக்காரர் வந்து விளக்கெல்லாம் வைத்துவிட்டார். நோயாளிகளும் வந்தார்கள். இருபது பேரும், பெண்கள் உட்பட, பளபளவென்று மொட்டை! மேலே சந்தனம், கையில் லட்டு.

"எல்லாரும் ஒண்ணா மலைக்குப் போய்ட்டு நேரா இங்கதான் வரோம் சார்" என்றார் முனிரத்தினம். "எனக்குப் பாதிதான் மொளைச்சுது. பாதியைக் குடுத்தா சாமி கோச்சுக்கும்னு மொத்தத்தையும் குடுத்துட்டேன்."

பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பினார். "மொளைச்ச முடி எங்கேய்யா?"

நான் ஜன்னல் வழியாக மலையைக் காட்டினேன். வெட்கத்தில் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

அவரும் மலையைப் பார்த்தார். பிறகு ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். உறையைப் பிரிக்கவே இல்லை. மறுவாரமே நான் சொந்த ஊரான சித்தூருக்குத் திரும்பி, மருந்துக் கடையில் சேர்ந்துவிட்டேன். பெண் வீட்டார் மட்டும் எப்படியோ மனசு மாறவில்லை.

இப்போது எனக்கே உச்சியில் வட்டமாகக் கொட்டுகிறது. போன மாதம் களிம்பு வாங்கிவந்தேன். டப்பாவைப் பார்த்ததும் மனைவி மகனைக் கூப்பிட்டாள்:

"டேய், கேமராவ எடுத்துகினு வா. ஒரு முடி மொளைச்சாலும் அன்னிக்கே போட்டோ புடிச்சுடு. இல்லன்னா உங்க நைனா மலைக்குக் கெளம்பிடுவாரு!"